பார்க்கிங் சென்சார் காரணமில்லாமல் கத்துகிறதா? வயரை வெட்டும் முன் பார்க்க வேண்டியவை

"இந்தச் சத்தம் தாங்க முடியல, வயரைக் கழட்டி விட்டுடுங்க" என்று சொல்லிக்கொண்டுதான் பெரும்பாலானவர்கள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். நான் பார்த்த வண்டிகளில் பாதிக்கு மேல் வயரில் கை வைக்கவே வேண்டியிருக்கவில்லை. ஈரத்துணி, ஒரு பட்டன், வளைந்திருந்த நம்பர் பிளேட் இவற்றோடு வேலை முடிந்தது. மீதி வண்டிகளில் உண்மையாகவே ஏதோ பழுது இருந்தது. அவற்றில் சத்தத்தை மட்டும் அடைத்து அனுப்பியிருந்தால், பின்னால் நிற்பது தெரியாமலே யாரோ ஒருநாள் ரிவர்ஸ் எடுத்திருப்பார்கள்.

அதனால் முதலில் சத்தத்தைக் கேளுங்கள். எப்போது வருகிறது, எப்படி வருகிறது என்பதிலேயே பாதி பதில் இருக்கிறது. கீழே அறிகுறிவாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்கள் வண்டிக்குப் பொருந்துவதை மட்டும் படித்தால் போதும். ஒவ்வொன்றிலும் காசில்லாத காரணம் முதலிலும், செலவு வைக்கும் காரணம் கடைசியிலும் இருக்கும்.

சோதிக்கும் முன் சமதளத்தில், பின்புறம் இரண்டு மூன்று மீட்டர் வெற்றிடம் இருக்கும்படி நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். இன்ஜின் ஓட வேண்டாம். சாவியை 'ஆன்' வரை திருப்பி ரிவர்ஸ் கியரைப் போட்டால் பெரும்பாலான வண்டிகளில் சென்சார் வேலை செய்யத் தொடங்கிவிடும். ஆட்டோமேட்டிக் என்றால் இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து, சோதனை முடியும்வரை பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் இருக்கட்டும். இன்ஜின் ஓடும்போது ரிவர்ஸில் இருக்கும் வண்டிக்குப் பின்னால் குனிந்து சென்சாரைப் பார்க்காதீர்கள். எத்தனை பழகிய கை என்றாலும் கூடாது.

அறிகுறி 1: பின்னால் எதுவும் இல்லை, ரிவர்ஸ் போட்டதும் கத்துகிறது

அதிகம் வருவது இதுதான். ஆகவே இதை விரிவாகவே சொல்கிறேன்.

*துடைத்துப் பாருங்கள்.* பம்பரில் பொத்தான் அளவில் வட்டமாகத் தெரிகிறதே, அதுதான் சென்சாரின் முகம். பொதுவாக நான்கு இருக்கும். சேறு, காய்ந்த உப்புக்கறை, பூச்சி, பனி, மெழுகு பாலிஷின் வெள்ளைப் படிவு என எது ஒட்டியிருந்தாலும் அதையே தடையாக எடுத்துக்கொள்ளும். மெல்லிய துணியை நனைத்து முகத்தையும் அதைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தையும் துடையுங்கள். வளையத்துக்கும் முகத்துக்கும் நடுவே இருக்கும் மெல்லிய இடைவெளியில் மணல் சிக்கியிருந்தால் பழைய டூத்பிரஷ் போதும். பிளேடு, ஊசி வேண்டாம்.

*சென்சார் பார்வையில் ஏதாவது நீட்டிக்கொண்டிருக்கிறதா?* நம்பர் பிளேட்டின் ஓரம் வளைந்திருப்பது, பிளேட்டைச் சுற்றிப் போட்ட சட்டம், இழுவைக் கொக்கி, சைக்கிள் மாட்டும் கேரியர், பின்னால் வாங்கிப் பூட்டிய பம்பர் கார்டு, தொங்கும் ஸ்டிக்கர் என எதுவாகவும் இருக்கலாம். ஒரு வண்டியில் வேறொரு இடத்தில் மூன்று சென்சார்கள் மாற்றப்பட்டும் சத்தம் நிற்கவில்லை. வந்து பார்த்தால் நம்பர் பிளேட்டின் வலது ஓரம் ஒரு விரல் அளவு வெளியே மடங்கியிருந்தது. கையால் நேராக்கியதும் நின்றுவிட்டது. வண்டிக்காரர் மூன்று சென்சாருக்கும் கொடுத்த காசு போனதுதான் மிச்சம்.

*எல்லாம் சுத்தம், ஆனாலும் கத்துகிறது என்றால் எந்த சென்சார் என்று கண்டுபிடியுங்கள்.* திரையில் படம் காட்டும் வண்டி என்றால் எந்தப் பக்கம் சிவப்பாகத் தெரிகிறதோ அதுதான். திரை இல்லை என்றால் ஒவ்வொரு சென்சாரையும் ஒரு விரலால் லேசாகத் தொடுங்கள். வேலை செய்யும் சென்சாரில் மெல்லிய துடிப்பு விரலில் உறைக்கும். காதைப் பக்கத்தில் கொண்டுபோனால் 'டிக் டிக்' என்று கேட்கும். ரேடியோ, ஏசி எல்லாம் அணைந்திருக்கட்டும். சென்சார் அனுப்பும் ஒலி நம் காதுக்கு எட்டாத உயரத்தில் இருந்தாலும், அது துடிக்கும் அந்த 'டிக்' கேட்கும். ஒன்று மட்டும் துடிக்கவில்லை என்றாலோ, மற்றவற்றைவிட மாறாகத் துடித்தாலோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

*அது சரியாக உட்கார்ந்திருக்கிறதா?* லேசான உரசலில்கூட சென்சார் அதன் கூட்டிலிருந்து உள்ளே தள்ளப்படலாம், அல்லது சாய்ந்துவிடலாம். பக்கவாட்டில் நின்று நான்கையும் ஒரே கோட்டில் பாருங்கள். ஒன்று மட்டும் உள்வாங்கியிருந்தால் அது பம்பரின் ஓட்டை ஓரத்தையே பார்த்துக் கத்துகிறது. கீழே சாய்ந்திருந்தால் தரையைப் பார்த்துக் கத்துகிறது. வெளியிலிருந்து கட்டைவிரலால் குத்திச் சரிசெய்ய முயலாதீர்கள். பம்பரின் உட்பக்கம் போய், பிடிப்புக் கிளிப்பை விடுவித்து மறுபடி பொருத்த வேண்டும். பல வண்டிகளில் கீழிருந்து கைவிட்டாலே எட்டும்.

கடையில் வாங்கிப் பூட்டிய செட் என்றால் இன்னும் ஒன்று பாருங்கள். அந்த சென்சார்களின் பின்பக்கம் மேல்நோக்கிய அம்புக்குறி இருக்கும். அதைத் தலைகீழாகவோ பக்கவாட்டிலோ மாட்டியிருந்தால் தரையின் ஒவ்வொரு மேடும் அதற்குத் தடைதான். தரையிலிருந்து அரை மீட்டருக்கும் குறைவான உயரத்தில் ஓட்டை போட்டிருந்தாலும் இதே கதை. சரிவில் மட்டும் கத்துகிறது, சமதளத்தில் கத்தவில்லை என்றால் உயரம் அல்லது கோணத்தின் மீதுதான் முதல் சந்தேகம் வர வேண்டும்.

*கனெக்டர்.* பம்பருக்குள் இருக்கும் கனெக்டர்கள் சேற்றிலும் தண்ணீரிலும்தான் வாழ்கின்றன. சாவியை அணைத்துவிட்டுச் சந்தேகப்படும் சென்சாரின் கனெக்டரைக் கழற்றுங்கள். பின்களில் பச்சைப் படிவு இருக்கிறதா, தண்ணீர் நிற்கிறதா, ரப்பர் சீல் கிழிந்திருக்கிறதா பாருங்கள். கான்டாக்ட் கிளீனர் தெளித்து, நன்றாக உலரவிட்டு மறுபடி மாட்டுங்கள். வயரில் எலி கடித்த தடம் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

*இடம் மாற்றும் சோதனை.* இதற்குச் செலவே இல்லை, இதைவிட உறுதியான சோதனையும் இல்லை. சந்தேகப்படும் சென்சாரையும் அதே வகைப் பக்கத்து சென்சாரையும் இடம் மாற்றி மாட்டுங்கள். பழுது சென்சாரோடு நகர்ந்தால் சென்சார் கெட்டுவிட்டது. பழுது பழைய இடத்திலேயே நின்றால் கோளாறு வயரிலோ கட்டுப்பாட்டுப் பெட்டியிலோ இருக்கிறது. இதைச் செய்யாமல் புது சென்சார் வாங்க வேண்டாம். வாங்கும்போது பழையதன் பின்பக்கத்தில் இருக்கும் பாக எண்ணை அப்படியே பொருத்திப் பாருங்கள். வெளித்தோற்றம் ஒன்றுபோல் இருந்தும் உள்ளே ஒத்துப்போகாத சென்சார்கள் நிறைய உண்டு.

*எப்போது நிறுத்திக்கொள்வது?* இடம் மாற்றியும் பழுது அதே இடத்தில் நின்றால், அல்லது பம்பரை முழுதாகக் கழற்றித்தான் சென்சாரை எட்ட முடியும் என்றால் ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் கொடுத்துவிடுங்கள்.

அறிகுறி 2: ரிவர்ஸ் போட்டதும் ஒரே நீளமான பீப், பிறகு மௌனம்

இதைத் தொல்லை என்று நினைத்துப் பலர் கண்டுகொள்வதில்லை. பல வண்டிகளில் இது "என்னால் பார்க்க முடியவில்லை" என்று வண்டி சொல்லும் மொழி. ரிவர்ஸ் போட்டதும் சென்சார்கள் தம்மைத்தாமே ஒருமுறை சோதித்துக்கொள்ளும். அதில் ஒன்று பதில் சொல்லாவிட்டால் சில நொடிகள் நீளமாக ஒலித்துவிட்டு மொத்த அமைப்பும் ஒதுங்கிக்கொள்ளும். பட்டனில் இருக்கும் விளக்கு மினுக்குவதும், திரையில் எச்சரிக்கை வருவதும் இதோடு சேர்ந்து வரலாம்.

முக்கியமான விஷயம்: அந்த நீளமான பீப்புக்குப் பிறகு வரும் மௌனத்துக்கு "பின்னால் எதுவும் இல்லை" என்று அர்த்தமில்லை. நான்கில் ஒன்று போனாலும் சில வண்டிகளில் நான்கும் போய்விடும்.

சோதனை வரிசை எளிது. முகங்களைத் துடைத்துவிட்டு மறுபடி ரிவர்ஸ் போடுங்கள். போகவில்லை என்றால் விரலால் தொட்டு, துடிக்காததைத் தேடுங்கள். ஒன்று மட்டும் துடிக்கவில்லை என்றால் மேலே சொன்னபடி கனெக்டர், பிறகு இடமாற்றம். நான்குமே துடிக்கவில்லை என்றால் சென்சார்களை விட்டுவிட்டு ஃபியூஸைப் பாருங்கள். ஃபியூஸ் நன்றாக இருந்தால் கட்டுப்பாட்டுப் பெட்டி (மாட்யூல்), அல்லது பம்பரிலிருந்து வண்டிக்குள் போகும் பெரிய கனெக்டர். பின்பக்கம் ஒரு இடி வாங்கிய பிறகு தொடங்கியது என்றால் அந்தப் பெரிய கனெக்டர்தான் முதல் குற்றவாளி.

இதற்கு மேல் ஸ்கேனர் இல்லாமல் போகாதீர்கள். இன்ஜின் பிழைகளை மட்டும் படிக்கும் சின்ன ஸ்கேனர் போதாது. பார்க்கிங் மாட்யூலோடு பேசக்கூடிய ஸ்கேனர் வேண்டும். அது எந்த சென்சார், எந்த வயர் என்று சொல்லிவிடும். அந்தச் சோதனைக்குக் கொடுக்கும் கூலி, யூகித்து மாற்றும் ஒரு சென்சாரின் விலையைவிடக் குறைவாகவே இருக்கும்.

அறிகுறி 3: மழையில் மட்டும், அல்லது வண்டி கழுவிய பிறகு மட்டும்

*மழை பெய்யும்போது அவ்வப்போது பீப் வந்து, நின்றதும் சரியாகிறதா?* முகத்தில் வழியும் நீர்த்துளிகள்தான். பழுது இல்லை. கடும் குளிரில் சைலன்சர் புகை பம்பர் ஓரமாக எழும்போதும், பக்கத்தில் கனரக லாரி ஏர்பிரேக்கை 'புஸ்' என்று விடும்போதும் இப்படி வரும். அந்த நேரத்துக்குப் பட்டனை அழுத்தி நிறுத்திக்கொள்ளுங்கள்.

*மழை நின்று ஒருநாள் ஆகியும் தொடர்கிறதா?* தண்ணீர் கனெக்டருக்குள் போயிருக்கிறது. கழற்றி உலர்த்துங்கள். சீல் போயிருந்தால் மாற்றுங்கள். உலர்த்தியதும் சரியாகி, அடுத்த மழையில் திரும்ப வந்தால் சென்சாரின் உடலிலேயே விரிசல் இருக்கலாம். அதற்கு மாற்று சென்சார்தான் வழி.

*கழுவிய பிறகு தொடங்கியதா?* அழுத்தத் தண்ணீர்க் குழாயைச் சென்சாருக்கு மிக அருகில் பிடித்திருப்பார்கள். அந்த அழுத்தம் முகத்தின் மெல்லிய சவ்வையும் வளையத்தையும் பாதிக்கும். இரண்டு நாள் உலரவிட்டுப் பாருங்கள். இனிமேல் அங்கே தள்ளி நின்றே அடிக்கச் சொல்லுங்கள்.

அறிகுறி 4: சிக்னலிலும் நெரிசலிலும் முன் சென்சார் கத்துகிறது

பழுது இல்லை. முன் சென்சார்கள் பெரும்பாலான வண்டிகளில் மணிக்கு ஏறத்தாழ 10 முதல் 15 கிலோமீட்டருக்குள் ஊரும்போது மட்டும் விழித்திருக்கும். நெரிசலில் நாம் ஊர்வதும் அதே வேகத்தில்தான். முன்னால் நுழையும் ஒவ்வொரு பைக்கையும் அது சுட்டிக்காட்டும்.

வழி இரண்டு. நடுக் கன்சோலில் 'பி' எழுத்தும் அலைவரிகளும் போட்ட பட்டன் இருக்கும், அதை அழுத்துங்கள். அல்லது வண்டியின் செட்டிங்ஸில் பார்க்கிங் பகுதிக்குள் போய், தானாக விழித்துக்கொள்ளும் வசதியை மட்டும் அணையுங்கள். இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. ரிவர்ஸ் போட்டால் முன்னும் பின்னும் வேலை செய்யும், நெரிசலில் மட்டும் வாய் திறக்காது. எல்லா வண்டியிலும் இந்த வசதி தனியாக இருக்காது. நின்றிருக்கும்போது ஹேண்ட்பிரேக் இழுத்தாலோ, ஆட்டோமேட்டிக்கில் பார்க்கில் போட்டாலோ பல வண்டிகளில் தானாகவே அடங்கிவிடும்.

முன்னால் ஒன்றுமே இல்லாத வெறும் சாலையில் ஊரும்போதும் கத்துகிறது என்றால் அறிகுறி 1-க்குப் போங்கள். அதே சோதனைகள்தான்.

அறிகுறி 5: ரிவர்ஸ் போடாமலே கத்துகிறது, அல்லது விட்டுவிட்டு மறுபடி மறுபடி தொடங்குகிறது

இது பெரும்பாலும் கடையில் வாங்கிப் பூட்டிய செட்களில் வரும். அவற்றுக்கு மின்சாரம் ரிவர்ஸ் லைட் வயரிலிருந்துதான் எடுக்கப்பட்டிருக்கும். ஆகவே கேள்வி ஒன்றே ஒன்று: சத்தம் வரும் நேரத்தில் ரிவர்ஸ் லைட் எரிகிறதா?

*எரிகிறது.* சென்சாரில் குறை இல்லை. கியர்பாக்ஸில் இருக்கும் ரிவர்ஸ் லைட் ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது அதன் வயர் எங்கோ உரசுகிறது. இதை உடனே சரிசெய்யுங்கள். முன்னால் போகும் வண்டியில் ரிவர்ஸ் லைட் எரிந்தால் பின்னால் வருபவர் குழம்பிப்போவார்.

*எரியவில்லை.* செட்டின் மின்சாரத்தைத் தவறான வயரில் சேர்த்திருக்கிறார்கள். பிரேக் லைட்டிலோ பார்க் லைட்டிலோ இருக்கும். பிரேக் மிதிக்கும்போதெல்லாம் கத்துகிறது என்றால் சந்தேகமே வேண்டாம். டெஸ்ட் லேம்பை ஒவ்வொரு வயராக வைத்து, ரிவர்ஸ் போட்டால் மட்டும் லேம்பை எரியவைக்கும் வயரைக் கண்டுபிடித்து அங்கே மாற்றுங்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு இருந்தால் அதையும் இந்தக் கையோடு பற்றவைத்து மூடிவிடுங்கள். நான் பார்த்த 'விட்டுவிட்டு வரும்' கோளாறுகளில் டேப் சுற்றிய இணைப்பு அடிக்கடி தலைகாட்டும்.

*ரிவர்ஸில்தான் கத்துகிறது, ஆனால் தொடக்க ஒலி திரும்பத் திரும்ப வருகிறது.* சில புது வண்டிகளில் பல்புக்குப் போகும் மின்சாரம் தொடர்ச்சியாகப் போகாது, துண்டு துண்டாகத் துடித்துப் போகும். பல்பைப் பார்க்கும் நம் கண்ணுக்கு அது தெரியாது, செட்டின் பெட்டிக்குத் தெரியும். ஒவ்வொரு துண்டுக்கும் அணைந்து அணைந்து எழும். கப்பாசிட்டர் வைத்த ஃபில்டரோ ரிலேயோ இடையில் போட வேண்டும். இதை அனுபவமுள்ள எலக்ட்ரீசியனிடம் விடுவதே நல்லது. தப்பாகச் செய்தால் வண்டியின் விளக்குக் கட்டுப்பாடே பிழை காட்டத் தொடங்கும்.

அறிகுறி 6: பம்பர் வேலை, பெயிண்ட் முடித்து வந்ததிலிருந்து

மூன்று காரணங்கள். ஒன்று, சென்சார் முகத்தில் பெயிண்ட் கனமாகப் படிந்திருக்கிறது. மெல்லிய ஒரு பூச்சு பரவாயில்லை, அடுக்கடுக்காக ஏறினால் முகம் சரியாகத் துடிக்காது. சுரண்டினால் சவ்வு போய்விடும், தின்னர் ஊற்றினால் ரப்பர் வளையம் உப்பிவிடும். இரண்டையும் செய்யாமல் பெயிண்ட் செய்தவரிடமே திருப்பிக் கொண்டுபோங்கள். இரண்டு, ரப்பர் வளையத்தை மறந்துவிட்டு மாட்டியிருக்கிறார்கள். வளையம் இல்லாமல் பம்பரோடு நேராக உரசும் சென்சார், பம்பரின் அதிர்வையே தடையாக எடுத்துக்கொள்ளும். மூன்று, கனெக்டர்கள் இடம் மாறியிருக்கின்றன. இடது ஓரத்தில் ஒரு அட்டைப்பெட்டியை வைத்தால் திரை வலதைக் காட்டும். வண்டியை எடுத்து வரும் முன் அங்கேயே அட்டைப்பெட்டியை ஒவ்வொரு சென்சாராக வைத்துப் பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

அறிகுறி 7: கோளாறு எதுவும் இல்லை, சத்தம்தான் அதிகம்

வண்டியோடு வந்த சென்சார் என்றால் செட்டிங்ஸில் ஒலி அளவும், சிலவற்றில் ஒலியின் கூர்மையும் மாற்றலாம். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக இருக்கும், இரண்டையும் பாருங்கள். சில வண்டிகளில் பீப் ஒலிக்கும் நேரத்தில் ஒலிக் குமிழைத் திருப்பினாலே குறையும்.

பூட்டிய செட் என்றால் பஸ்ஸர் பெரும்பாலும் டிக்கி ஓரத்திலோ பின் இருக்கைக்கு மேலோ இருக்கும். அதன் பக்கவாட்டில் சின்ன ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பஸ்ஸரின் துளை மீது ஒரு துண்டு ஃபோம் டேப் ஒட்டுங்கள். ஒரு அடுக்கு ஒட்டிக் கேட்டுப் பார்த்து, தேவையென்றால் இன்னொன்று. ஓட்டுநர் இருக்கையிலிருந்து, ஏசி ஓடும்போதும் கேட்கும் அளவு மிஞ்சியிருக்க வேண்டும்.

அறிகுறி 8: எல்லாம் பார்த்துவிட்டேன், எனக்கு இது வேண்டவே வேண்டாம்

அப்படியும் நிலைமைகள் உண்டு. டிரெய்லர் இழுப்பவர்கள், சைக்கிள் கேரியரை நிரந்தரமாக மாட்டியவர்கள், மாற்று சென்சார் வரும்வரை வண்டியை ஓட்டியாக வேண்டியவர்கள். திரும்பி வர முடிகிற வழிகளை இந்த வரிசையில் முயலுங்கள்.

முதலில் பட்டன். அடுத்து செட்டிங்ஸ். பல வண்டிகளில் பட்டனால் அணைத்தது அடுத்த முறை சாவி திருப்பியதும் மறுபடி விழித்துக்கொள்ளும். அது பழுது இல்லை, அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். டிரெய்லரின் மின் இணைப்பை முறையாகச் செருகினால் பின் சென்சார்கள் தாமாக அடங்கும் வண்டிகளும் உண்டு.

பூட்டிய செட் என்றால் டிக்கியின் பக்க அட்டைக்குப் பின்னால் சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கும். அதற்கு வரும் மின்சாரக் கனெக்டரை மட்டும் உருவி, முனையை டேப்பால் மூடிக் கட்டிவிடுங்கள். வெட்ட வேண்டாம். பிறகு வேண்டும் என்றால் செருகினால் போதும்.

வண்டியோடு வந்ததில் ஃபியூஸை உருவுவது கடைசி வழி. அதே ஃபியூஸில் வேறு எவை தொங்குகின்றன என்று வண்டிக் கையேட்டில் பார்க்காமல் செய்யாதீர்கள். ரிவர்ஸ் கேமராவோ, தானாகப் பிரேக் பிடிக்கும் வசதியோ அதோடு போகலாம்.

செய்யக் கூடாதவை இரண்டு. சென்சார் முகத்தில் டேப் ஒட்டாதீர்கள், சத்தம் கூடும் அல்லது அறிகுறி 2 வரும். ஒரே ஒரு சென்சாரின் கனெக்டரைப் பிடுங்கி விடாதீர்கள், அதற்கும் அதே விளைவுதான்.

அணைத்துவிட்டால் அந்த வண்டியை ஓட்டும் ஒவ்வொருவரிடமும் சொல்லுங்கள். ஸ்டியரிங் பக்கத்தில் "சென்சார் இல்லை" என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள். பீப் பழகிய காது, பீப் வராததைப் பாதை காலி என்றே எடுத்துக்கொள்ளும். ரிவர்ஸ் எடுக்கும் முன் இறங்கி ஒரு சுற்று வந்துவிட்டு ஏறுங்கள். பம்பருக்குக் கீழே குனிந்து விளையாடும் குழந்தையை வேலை செய்யும் சென்சார்கூடச் சில நேரம் பிடிக்காது. சென்சார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதை நான் விடுவதில்லை.

இவை இருந்தால் நீங்களே திறக்க வேண்டாம்

பம்பருக்குள் பக்கவாட்டு எச்சரிக்கைக்கான ரேடார் இருக்கும் வண்டி. கழற்றி மாட்டினால் அதன் கோணத்தை மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கும். ஆரஞ்சு நிற வயர் கண்ணில் பட்ட மின்வண்டி, ஹைப்ரிட் வண்டி. அது உயர் அழுத்த மின்சாரம், தொடவே கூடாது. சென்சார் பிழையோடு பிரேக், ஏர்பேக் எச்சரிக்கை விளக்கும் சேர்ந்து எரியும் வண்டி. ஃபியூஸ் மாற்றியதும் மறுபடி எரிந்துபோகும் வண்டி. இதில் பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிப்பது தீயில் முடியும்.

மெக்கானிக்கிடம் போகும்போது எந்தச் சூழலில் சத்தம் வருகிறது, எந்த சென்சார் துடிக்கவில்லை, இடம் மாற்றியபோது பழுது நகர்ந்ததா இல்லையா, இந்த மூன்றையும் எழுதிக் கொடுங்கள். சத்தம் வரும்போது போனில் எடுத்த வீடியோ இருந்தால் அதையும் காட்டுங்கள். கடைக்குப் போய் நின்றதும் கோளாறு ஒளிந்துகொள்வது வழக்கம், அப்போது அந்த வீடியோதான் பேசும்.